பகுதி சபைக்குக் காவல்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகராட்சி வார்டுகளில் வாக்காளர்கள் நேரில் வந்து பேசுகிற பகுதி சபைக் கூட்டத்துக்குக் காவல் நிலையத்திலிருந்தும், நெடுஞ்சாலைத் துறையிலிருந்தும், வனத்துறையிலிருந்தும் துறைக்கு ஒரு ஆளாவது வந்து உட்கார வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். நகராட்சி ஊழியர்கள் மட்டும் வருகிற கூட்டத்தில், எங்கள் மலை வார்டுகளின் பாதிப் பிரச்சினைக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை.

நான் நீலகிரியில் ஒரு நகராட்சி எல்லைக்குள் டீக்கடை வைத்திருக்கிறேன். எந்த ஊர், எந்த வார்டு என்று எழுதவில்லை. ஒரு கவுன்சிலரையோ ஒரு அதிகாரியையோ மாட்டிவிடுவது என் நோக்கம் இல்லை. கடைக்கு வருகிற டிரைவர்களிடம் பேசிப் பார்த்தால், மற்ற ஊர்களிலும் கதை இதுதான் என்கிறார்கள்.

கடை மெயின் ரோட்டு வளைவில் இருக்கிறது. கடையை ஒட்டிப் படிக்கட்டு இறங்குகிறது. இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக வீடுகள். ஆட்டோ இறங்காது, குப்பை வண்டி இறங்காது, ஆம்புலன்ஸ் வந்தாலும் மேலேயே நின்றுவிடும். கீழே குடியிருப்பவர்களில் நிறையப் பேர் கேரட் அறுவடைக்குப் போகிற பெண்கள். கேரட்டைப் பிடுங்கி, கழுவி, மூட்டை பிடித்து நேரத்தோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டும் என்பதால் விடிவதற்கு வெகு நேரம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஸ்வெட்டரும் தலைக்குத் துண்டுமாக, கையில் டார்ச்சோடு படியேறி வந்து, பிக்அப் வண்டிக்காக என் கடை வாசலில் நிற்பார்கள். அவர்களுக்காகவே நானும் அந்த நேரத்தில் அடுப்பு மூட்டுகிறேன். ஊரே தூங்கும்போது இந்த வளைவில் நடப்பதைப் பார்க்கிறவள் என்பதால்தான் எனக்கு இவ்வளவு சொல்ல இருக்கிறது.

வளைவின் எதிர்ப்பக்கம் தடுப்புச் சுவர், அதற்குக் கீழே சரிவு. மேலே உள்ள காட்டேஜ்களிலிருந்தும் சில ஓட்டல்களிலிருந்தும் மிஞ்சிய சாப்பாட்டை மூட்டை கட்டி, ராத்திரியில் அந்தச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். பிரியாணி எலும்பு, பரோட்டா, சாம்பார், டிஷ்யூ பேப்பர் எல்லாம் ஒரே கறுப்புக் கவரில். முதலில் நாய் வரும், பிறகு காட்டுப்பன்றி. ஒரு காட்டெருமை அந்தக் கவரைச் சாப்பாட்டோடு சேர்த்து மெல்லுவதை நானே பார்த்தேன். வாயிலிருந்து ஒரு முழம் பிளாஸ்டிக் தொங்கியது. தலையை ஆட்டி ஆட்டி அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. நானும் வண்டிக்கு நின்ற பெண்களும் சத்தம் போடவும் பயந்து, கடைக்குள் ஒண்டிக்கொண்டு பார்த்தோம். அதற்கப்புறம் கரடி வர ஆரம்பித்தது. கரடி கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடிப்பதும், ரேஷன் கடைக்குள் புகுவதும் நீலகிரிக்காரர்கள் செய்தித்தாளில் அடிக்கடி படிப்பதுதான். எங்கள் வளைவுக்கு வந்த கரடி எண்ணெயைத் தேடி வரவில்லை, அந்த மூட்டைக்காக வந்தது. வந்த வழி படிக்கட்டு. அதே படிக்கட்டில்தான் பெண்கள் ஏறி வருகிறார்கள்.

படிக்கட்டின் நடுவில் ஒரு விளக்குக் கம்பம் இருக்கிறது. மழைக்காலம் வந்தால் விளக்கு போய்விடும். புகார் சொல்லக் கூப்பிட்டால் கம்பத்து எண்ணைக் கேட்கிறார்கள். பெயின்ட் அழிந்து எண்ணே தெரியாது. கீழ்வீட்டில் கல்லூரிக்குப் போகிற பொண்ணு மேலும் கீழும் உள்ள கம்பங்களின் எண்ணைப் பார்த்து, நடுவில் இது இன்னதாகத்தான் இருக்கும் என்று கண்டுபிடித்துப் புகார் கொடுத்தாள். வந்து மாட்டினார்கள். அடுத்த மழையில் திரும்பப் போனது. விளக்கு இல்லாத அந்த வளைவுப் படி சாயங்காலம் குடிக்க வருகிறவர்களுக்கு வசதியாகிவிட்டது. டியூஷன் விட்டு வருகிற பிள்ளைகள் அவர்களைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு அப்பா தினமும் மேலே வந்து காத்திருந்து மகளைக் கூட்டிப்போகிறார். எல்லா வீட்டிலும் அப்படி ஆள் இருக்குமா?

பாட்டில் விஷயத்தில் ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தருகிற திட்டம் தமிழ்நாட்டிலேயே முதலில் எங்கள் மாவட்டத்தில்தான் வந்தது, 2022 மே மாதம். காட்டில் கிடக்கும் கண்ணாடி யானைக் காலில் ஏறுகிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு. அதற்குப் பிறகு எங்கள் சரிவில் முழு பாட்டில் கிடப்பது வெகுவாகக் குறைந்தது. யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உடைந்த பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கிடையாது. ஆகவே உடைந்தது மட்டும் படியிலேயே கிடக்கிறது. அதைக் கூட்டி அள்ளுவது தூய்மைப் பணியாளர் அம்மாதான். வண்டி இறங்காத இடம் என்பதால் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஈரப்படியில் ஏறி வருவார். கண்ணாடி சாக்கைக் கிழித்துத் தோளில் கீறிய காயத்துக்கு என் கடையில்தான் மஞ்சள் வைத்துக் கட்டினோம்.

இப்போது காவல் விஷயத்துக்கு வருகிறேன். என் கடைச் சுவரில் ஆணியில் போலீஸ் ரோந்துக்கான ஒரு பட்டா புத்தகம் தொங்குகிறது. ரோந்து வருகிற காவலர் வந்த நேரத்தை எழுதி அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் வராமல் இருப்பதில்லை. மழையிலும் பனியிலும் கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் வந்து கையெழுத்துப் போடுகிறார். அந்த மனுஷரைக் குறை சொன்னால் எனக்கு ஆகாது. ஆனால் புத்தகம் இருப்பது ரோட்டு மட்டத்தில். பைக் படி இறங்காது. அவர் அடுத்த இடத்துக்கு நேரத்தில் போயாக வேண்டும். ஆகவே புத்தகத்தில் கையெழுத்து ஒழுங்காக இருக்கும், படிக்கட்டுக்குள் காவலர் கால் வைத்திருக்க மாட்டார். புத்தகத்தைக் கீழே அங்கன்வாடிச் சுவரில் தொங்கவிட்டால், கையெழுத்துப் போடுவதற்காகவாவது அவர் படியிறங்கி ஏற வேண்டியிருக்கும். அவ்வளவுதான் தேவை. சீருடை போட்ட ஒருவர் தினமும் ஒரு தடவை படியில் நடந்து போனால் அங்கே குடிக்க உட்காருகிறவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள்.

இதை அந்தக் காவலரிடமே சொன்னேன். "நீங்க சொல்றது சரிதாங்க அக்கா. ஆனா புத்தகம் எங்க இருக்கணும்னு நான் முடிவு பண்ண முடியாது. எஸ்.ஐ. அய்யா சொல்லணும். வார்டு கூட்டம் நடக்குதுல்ல, அங்க சொல்லுங்க" என்றார். அதை நம்பித்தான் கடையை மகனிடம் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டம் சமுதாயக் கூடத்தில். நகராட்சியிலிருந்து மூன்று பேர், கவுன்சிலர் அம்மா, நாங்கள் ஒரு முப்பது பேர் இருப்போம். வேலை நாள், காலை பதினொரு மணி. தேயிலை பறிக்கப் போகிறவர்கள், அறுவடைக்குப் போய் வந்து அசந்து தூங்குகிறவர்கள் யாரும் வர முடியவில்லை. கவுன்சிலர் அம்மா பொறுமையாகக் கேட்டார், நோட்டில் எழுதினார். விளக்குக்குப் பதில் கிடைத்தது, வாரத்துக்குள் சரியும் ஆனது. குப்பைக்குப் பாதிப் பதில் கிடைத்தது: மூட்டை வைக்கிறவர் யார் என்று தெரிந்தால் அபராதம் போடலாம், ராத்திரியில் காவல் நிற்க நகராட்சியில் ஆள் இல்லை. நான் எழுந்து பட்டா புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். "அது போலீஸ் விஷயங்கம்மா, நாங்க சொல்ல முடியாது. எழுதிக் குடுங்க, அனுப்பி வெக்கறோம்" என்றார்கள். ஒரு பெரியவர் தடுப்புச் சுவரில் விரிசல் விட்டிருப்பதைச் சொன்னார். ரோடு நெடுஞ்சாலையுடையது, அங்கே மனு கொடுங்கள் என்று பதில். கரடியைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு வனத்துறையைக் கைகாட்டினார்கள்.

அவர்கள் சொன்னது எதுவும் பொய் இல்லை. காவல்துறை மாநில அரசின் கீழ் இருக்கிறது. நகராட்சித் தலைவரே நினைத்தாலும் ஒரு காவலரை இங்கே நில், அங்கே நில் என்று சொல்ல முடியாது. ரோடும் வனமும் அப்படியே. சட்டப்படி பிரித்து வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் எங்கள் வளைவில் இவை பிரிந்து இல்லையே. சாப்பாட்டு மூட்டை நகராட்சியின் கணக்கு, மூட்டை உட்காருகிற சுவர் நெடுஞ்சாலையின் கணக்கு, மூட்டைக்கு வருகிற கரடி வனத்துறையின் கணக்கு, ராத்திரியில் மூட்டையோடு வருகிற வண்டியை நிறுத்திக் கேட்கக்கூடிய ஒரே ஆள் ரோந்துக் காவலர். நான்கு பேரும் ஒரே அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிகிற காரியம் இது. தனித்தனியாக மனு போட்டால் நான்கு அலுவலகமும் மற்ற மூன்றைக் காட்டும்.

ரோட்டைப் பற்றிச் சுருக்கமாக: தார் பெயர்வதற்குக் காரணம் வண்டி மட்டும் இல்லை. சுவர் மேல் வைத்த கவர்கள் காற்றில் விழுந்து ஓரக் கால்வாயை அடைக்கின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் கால்வாயில் போகாமல் ரோட்டின் குறுக்கே பாய்ந்து, சுவருக்கு அடியில் மண்ணை அரிக்கிறது. விரிசல் வந்தது அப்படித்தான். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வாரத்தை இங்கே வாழ்ந்து பார்த்த யாருக்கும், அடைந்த கால்வாயும் விரிசல் விட்ட சுவரும் சின்ன விஷயம் இல்லை. அந்தச் சுவருக்கு நேர் கீழே வீடுகள் இருக்கின்றன.

பகுதி சபை என்ற ஏற்பாட்டின் மேல் எனக்கு மதிப்பு இருக்கிறது. 74-வது அரசியல் சாசனத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது மூன்று லட்சம் மக்கள்தொகைக்கு மேல் உள்ள நகரங்களுக்குத்தான் வார்டு குழு கட்டாயம் என்று வைத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் பெரிய ஊரான உதகையிலேயே 2011 கணக்கெடுப்பில் 88,430 பேர்தான். மலை ஊர்களுக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை. தமிழ்நாடு அரசு 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகளைக் கொண்டுவந்த பிறகுதான், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், யாரும் வந்து பேசலாம் என்ற நிலை சின்ன நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, முதலமைச்சரே பம்மலில் பகுதி சபைக் கூட்டத்தில் உட்கார்ந்தார். நகர்மன்றக் கூட்டத்தில் கவுன்சிலர்கள்தான் பேச முடியும். எங்களுக்கு வாய் திறக்க இருக்கிற இடம் பகுதி சபை ஒன்றுதான். அதனால்தான் அது வெறும் கையெழுத்துக் கூட்டமாகப் போய்விடக் கூடாது என்று இவ்வளவு கவலைப்படுகிறேன்.

என் நாத்தனார் பக்கத்து ஊராட்சியில் இருக்கிறார். அங்கே கிராம சபைக்கு நர்ஸ் வருகிறார், தோட்டக்கலை ஆபீசர் வருகிறார், மற்ற துறைகளிலிருந்தும் வந்து பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஊருக்குக் கிடைப்பது, நகராட்சி எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? கிராம சபைத் தேதி அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி எல்லாம் விடுமுறை நாட்கள். கூடவே மார்ச் 22-ம் நவம்பர் 1-ம். பகுதி சபைக்குக் குறித்திருப்பது ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. ஏப்ரல் 14 தவிர மற்றவை பொது விடுமுறை இல்லை. அந்த ஏப்ரல் 14-ம் மலையில் சீசன் சூடு பிடிக்கிற நேரம். மாரியம்மன் திருவிழாக் கூட்டம் வேறு. கடைக்காரர், டிரைவர், லாட்ஜில் வேலை செய்கிறவர் யாரும் நகர முடியாது. தேதியை மாற்றச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றலாமே. சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்தால் தேயிலை பறித்து வருகிறவர்களும் வருவார்கள், அறுவடைப் பெண்களும் தூங்கி எழுந்திருப்பார்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் இருக்கிறதே என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். இருக்கிறது, பலருக்கு அங்கே நல்லதும் நடந்திருக்கிறது. ஆனால் கூடலூரிலிருந்து உதகைக்கு ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, ஒரு பட்டா புத்தகத்தை இடம் மாற்றச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டுமா? வார்டிலேயே தீர வேண்டியது வார்டில் தீரட்டும்.

காவல்துறைக்கு ஆள் பற்றாக்குறை இருப்பது எனக்குத் தெரியும். மே மாதம் மலர்க் கண்காட்சி வந்தால் இருக்கிறவர்களும் போக்குவரத்தைச் சரிசெய்ய ரோட்டுக்குப் போய்விடுகிறார்கள். உயர் நீதிமன்றம் 2025-ல் சீசனுக்கு வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தபோதே, நீலகிரிக்கு வேலை நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 என்றுதான் வைத்தது. அத்தனை வண்டி வருகிற மலையில் காவலர் எந்தப் பக்கம் நிற்பார்? அதனால்தான் கூடுதல் ஆள் கேட்காமல், புத்தகத்தை மட்டும் கீழே இறக்கச் சொல்கிறேன். கூட்டத்துக்கு இன்ஸ்பெக்டரே வர வேண்டும் என்றும் இல்லை. அந்தப் பகுதியின் ரோந்தைக் கவனிக்கிற எஸ்.ஐ. அல்லது ஏட்டு வந்து அரை மணி நேரம் இருந்தால் போதும்.

காட்டேஜ்காரர்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும். நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் குப்பை போடுகிற இடங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை தங்கள் வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். எங்கள் மேட்டில் இருக்கிற காட்டேஜ் ஒன்று தனியாக நூறு கிலோவைத் தொடாது, ஆகவே அந்த விதி அதைத் தொடவில்லை. ஆனால் வரிசையாக இருக்கிற ஏழெட்டு காட்டேஜும் ஓட்டலும் சேர்ந்தால் கரடிக்கு விருந்துதான். அவர்கள் சேர்ந்து, கரடி திறக்க முடியாத இரும்புக் கதவு போட்ட ஒரு அறை கட்டி, காலையில் வண்டி வந்து எடுக்கும்வரை அதில் வைக்கட்டும். அதில் ஒரு முதலாளி என் கடைக்கு வருகிறவர். மற்றவர்கள் சேர்ந்தால் தானும் பணம் தரத் தயார், கூப்பிட்டுப் பேச யாரும் இல்லை என்றார். கூப்பிட வேண்டிய இடம் பகுதி சபை.

இன்னொன்று. போன கூட்டத்தில் கேட்டது என்ன, அதில் நடந்தது என்ன, நடக்காததற்குக் காரணம் என்ன என்று அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே வாசித்துவிட வேண்டும். எங்கள் கூட்டத்தில் அது இல்லை. விளக்கு சரியானது நல்ல செய்தி. அதைக்கூட யாரும் எழுந்து சொல்லவில்லை. கூட்டத்துக்கு வராதவர்கள், போய் என்ன பிரயோஜனம் என்று என்னைக் கேட்கிறார்கள். ஒரு தாளில் எழுதிச் சமுதாயக் கூடக் கதவில் ஒட்டியிருந்தால் நான் அதைக் காட்டியிருப்பேன். நான் பட்டா புத்தகத்தைப் பற்றி எழுதிக் கொடுத்த மனு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதும் அப்படி வாசித்தால்தான் தெரியும்.

நகராட்சி ஆணையர்களை நான் கேட்டுக்கொள்வது: அடுத்த பகுதி சபைக்கு முன் காவல் நிலையத்துக்கும், நெடுஞ்சாலை உட்கோட்டத்துக்கும், வனச்சரகத்துக்கும் வார்டு, தேதி, நேரம் எழுதி ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். மாவட்ட ஆட்சியர் ஒரு வரி சொன்னால் எல்லாத் துறையும் வந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, ஆசிரியர் அவர்களே. பவர்கட் அறிவிப்பும் காய்கறி விலையும் உங்கள் பத்திரிகையில் வருகிறது. எங்கள் கடையில் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். அதுபோல ஒவ்வொரு பகுதி சபைக்கும் ஒரு வாரம் முன்னதாக, எந்த வார்டுக்கு எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கூட்டம் என்று நீலகிரிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு வெளியிடுங்கள். எங்கள் வார்டில் கூட்டம் நடக்கிறது என்பது முந்தின நாள் சாயங்காலம்தான் பலருக்குத் தெரிந்தது.

இப்படிக்கு,
டீக்கடை நடத்தும் ஒரு வாசகி,
நீலகிரி மாவட்டம்.